உப்பு வண்டியில் கடலுக்குப் போன லிங்கம்மாள்

தறிக்காரர் திம்மையாவின் மனைவி லிங்கம்மாளுக்குக் கடல் பார்க்கும் ஆசை எப்படி வந்தது என்று கேட்டால், அருப்புக்கோட்டையில் அவள் தெருக்காரர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அவளையே கேட்டால், "ஆசையும் இல்ல, தோசையும் இல்ல. சும்மா உக்காந்திருக்க முடியல" என்பாள்.

சும்மா உட்கார வைத்தது சண்டைதான். நாற்பத்து நாலாம் வருஷம். எங்கேயோ எவனோ குண்டு போட, இங்கே நூலுக்குக் கண்ட்ரோல் வந்துவிட்டது. கார்டு காட்டினால் நூல் என்றார்கள். கார்டு இருந்தது, நூல்தான் இல்லை. விடிந்தால் அடைந்தால் கேட்கிற தறிச்சத்தம் நின்றுபோய், தெருவே காதில் பஞ்சு வைத்தது போலக் கிடந்தது. திம்மையா மட்டும் பழக்கம் விடாமல் காலையில் குளித்து, நெற்றிக்கு இட்டு, தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்வார். தறியில் பாவு நூல் கிடையாது. வெறும் மிதிகட்டையை ரெண்டு மிதி மிதித்துப் பார்ப்பார். பெருமூச்சு விடுவார். மத்தியானம் ஏறி வந்து சாப்பிடுவார்.

லிங்கம்மாளுக்கு வயசு இருபத்தெட்டு. பிள்ளைகள் மூன்று. மூத்தவள் சௌடேஸ்வரிக்கு எட்டு வயசு. அவள் வாயிலிருந்து வருவது பூராவும் கேள்விதான். அடுத்தவன் வேங்கடபதிக்கு ஐந்து. கையில் எது கிடைத்தாலும் கழற்றிப் பார்த்துவிடுவான், மாட்டத் தெரியாது. கடைக்குட்டி சென்னகேசவன் ஒன்றரை வயசு. அவனுக்கு உலகத்தில் உள்ள அத்தனையும் தின்பண்டம். ராட்டையும் ஓடாத வீட்டில் இந்த மூன்றையும் பகல் முழுக்க வைத்துக்கொண்டிருப்பதற்கு, மூட்டை சுமக்கப் போகலாம் என்று இருந்தது அவளுக்கு.

ஒருநாள் சௌடேஸ்வரி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் தறிக்குழிக்கு நேராகப் போய் நின்றாள். "கடல்னா என்னப்பா?"

"பெரிய கம்மாய்" என்றார் திம்மையா.

"நீங்க பாத்திருக்கீகளா?"

"அதை வேற பாக்கணுமா? கம்மாயைப் பாத்திருக்கேன்ல."

சௌடேஸ்வரி அம்மாவிடம் வந்தாள். லிங்கம்மாள் வாயைத் திறந்தாள். திறந்த பிறகுதான் சொல்ல ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. எதிர்வீட்டு நஞ்சம்மாவைக் கேட்டாள். அவளுக்கும் தெரியவில்லை. "எங்க மாமியா ராமேஸ்வரம் போய் வந்தவுக" என்று நஞ்சம்மா உள்ளே போய்க் கேட்டு வந்தாள். மாமியார் பாம்பன் பாலத்தில் ரயில் ஏறினதிலிருந்து இறங்குகிறவரை பயத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாராம். கோயிலில் தீர்த்தமாடினது நினைவிருக்கிறது, கடல் நினைவில்லையாம்.

மறுநாள் காலை இருளப்பசாமியின் உப்பு வண்டி தெருவுக்கு வந்தது. திருச்சுழிப் பக்கத்து ஆள், ஐம்பது வயசு இருக்கும். சாயல்குடிக்குத் தெற்கே உப்பளத்தில் ஏற்றி, ஊர் ஊராகப் படியளந்துகொண்டு வருவார். இருபது வருஷமாக அதுதான் தொழில். முறுக்கு மீசை. மாட்டைத் தவிர யாரிடமும் அதிகம் பேச மாட்டார்.

"அண்ணே, உப்பு கடல்ல இருந்துதானே வருது?" என்று கேட்டாள் லிங்கம்மாள்.

"பின்ன? மானத்துல இருந்தா கொட்டுது?"

"அப்ப கடலை நல்லாப் பாத்திருப்பீக."

இருளப்பசாமி மீசையைத் தடவினார். "கடலா? நம்ம வீட்டு முத்தம் மாதிரி, தாயி."

"திரும்பி வரும்போது உப்பு இருக்கும். போகும்போது வண்டி காலியாத்தானே போகும்?"

"ஆமா" என்று சொல்லிவிட்டுத்தான் அவருக்கு எதிலோ கால் வைத்துவிட்டோம் என்று தோன்றியது. அதற்குள் லிங்கம்மாள் என்றைக்குக் கிளம்புகிறார், எத்தனை நாள் ஆகும் என்பதெல்லாம் விசாரித்து முடித்திருந்தாள்.

திம்மையாவிடம் சொன்னபோது அவர் மிதிகட்டையை மிதித்துக்கொண்டிருந்தார். கால் நின்றது.

"உனக்கென்ன கிறுக்கா? மூணு பச்சப்பிள்ளைகளைத் தூக்கிட்டு, அம்பது மைலு, கட்டை வண்டியில. நூலு வந்துட்டா என்ன செய்ய?"

"வந்தா வாங்கி வையுங்க. வரலைன்னா இப்பிடியே உக்காந்திருங்க. குழிக்குள்ள காலைத் தொங்கப்போட்டிருந்தா நூலு முளைக்குமா?"

"பிள்ளைகளுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"இங்க இருந்தா மட்டும் ஆகாதா? நேத்து சின்னவன் அரைவீசை சுண்ணாம்பைத் தின்னப் பாத்தான்."

திம்மையா வாதத்தில் ஜெயித்த மனுஷன் இல்லை. "என்னமோ செய்" என்றார். அந்த வீட்டில் அதற்கு அர்த்தம், சரி என்பதுதான்.

பங்குனி பிறந்த மூன்றாம் நாள், கோழி கூப்பிடக் கிளம்பினார்கள். கேழ்வரகு மாவு ஒரு மூட்டை, புளிச்சோறு ஒரு பானை, வறுத்த மொச்சை, சுக்கு, வசம்பு, ரெண்டு பழைய போர்வை. வண்டிக்கு அடியில் தண்ணீர்க்குடம் கட்டி ஆடியது. நஞ்சம்மா வாசலில் நின்று, "போற இடத்துல மீனுக்குப் பிள்ளையைக் கொடுத்துட்டு வந்துராத" என்று வாழ்த்தி அனுப்பினாள்.

இருளப்பசாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "எனக்குச் சத்தம் ஆகாது. என் மாட்டுக்கும் ஆகாது."

ஊர் எல்லை தாண்டுவதற்குள் சௌடேஸ்வரி ஆரம்பித்துவிட்டாள்.

"மாமா, கடல் எம்புட்டுப் பெருசு?"

அவர் மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்க ஊரு கம்மாய் மாதிரி ஒம்பது."

"யாரு வெட்டுனா?"

"பாண்டிய ராசா."

"கம்மாய்னா மடை இருக்குமே. கடலுக்கு மடை எங்க?"

"தனுஷ்கோடிப் பக்கம். திறக்கிற சாவி கலெக்டர்கிட்ட இருக்கு."

"அலைன்னு வாத்தியார் சொன்னாரே, அது என்னது?"

இருளப்பசாமி கொஞ்சம் யோசித்தார். "அது வந்து... பெரிய மீனு புரண்டு படுக்கும்ல, அதான்."

லிங்கம்மாள் வண்டிக்குள் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மாட்டிடம் மட்டும் பேசுகிற மனுஷன் இத்தனை பேசுகிறாரே என்று ஆச்சரியமாக இருந்தது. இருபக்கமும் பருத்தி எடுத்து முடிந்த கரிசல் வெடித்துக் கிடந்தது. எங்கேயாவது ஒரு பனை, எங்கேயாவது ஒரு உடைமரம். பார்க்க ஒன்றுமில்லாத பொட்டல்தான். ஆனால் கல்யாணமாகி வந்த பத்து வருஷத்தில் எதிர்வீட்டுச் சுவரைத் தாண்டிக் கண் போனதில்லை என்பதால், அவளுக்கு அந்தப் பொட்டலே பெரிய காட்சியாக இருந்தது.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி பத்து மைல். தனி ஆள் என்றால் காலையில் புறப்பட்டு உச்சிப்பொழுதுக்கு முன்னால் போய்விடலாம். இவர்களுக்கு ரெண்டு நாள் ஆனது. சின்னவனுக்கு வயிறு கடமுடாவென்றால் நிறுத்த வேண்டும். பெரியவள் ஓணானைப் பார்த்தால் நிறுத்த வேண்டும். வேங்கடபதி மூத்திரம் போகிறேன் என்று இறங்கினால், ஒவ்வொரு செடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு வைத்துவிட்டுத்தான் ஏறுவான். மாடுகளுக்கு இந்தப் பயணம் ரொம்பப் பிடித்துப்போனது. பத்து அடிக்கு ஒருதரம் தாங்களாகவே நின்று திரும்பிப் பார்த்தன.

ரெண்டாம் நாள் சாயங்காலம், குண்டாற்று மணலுக்கு இறங்குகிற சரிவில் வண்டி போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு சக்கரம் வண்டியை விட்டுத் தனியாகக் கிளம்பி, மாடுகளை முந்திக்கொண்டு, அதுபாட்டுக்கு ஆற்றை நோக்கி ஓடியது. முதலில் பார்த்தவன் வேங்கடபதி. "அம்மா, அந்தா ஒரு சக்கரம் போகுது" என்றான். அது யாருடைய சக்கரம் என்று லிங்கம்மாள் யோசிப்பதற்குள் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, மாவு மூட்டை, பானை, பிள்ளைகள், அவள் எல்லாரும் ஒரே குவியலாக மணலில் இறங்கினார்கள். அடி ஒன்றும் இல்லை. புளிச்சோற்றுப் பானைதான் போயிற்று. சின்னவன் மணலோடு சேர்த்து அதைத் தின்ன ஆரம்பித்தான்.

இருளப்பசாமி அச்சைக் குனிந்து பார்த்தார். சக்கரம் கழன்றுவிடாமல் இருக்க அச்சு முனையில் செருகியிருக்கும் கடையாணியைக் காணோம். அவர் மெதுவாக நிமிர்ந்து வேங்கடபதியைப் பார்த்தார். அவன் சட்டென்று அம்மாவின் முந்தானைக்குள் போனான்.

"எங்கடா அது?" என்றாள் லிங்கம்மாள்.

"நட்டு வச்சேன்."

"எங்க?"

"வண்டி நின்னுச்சுல்ல, அந்த மரத்துக்கு அடியில. தண்ணி கூட ஊத்துனேன்."

அந்தச் சாலையில் அன்று மூன்று மரத்தடியில் நின்றிருந்தார்கள். மூன்றும் உடைமரம். உடைமரத்துக்கு உடைமரம் என்ன அடையாளம் சொல்ல முடியும்? தேடிப் போகும் யோசனையை விட்டுவிட்டு, வழியில் வந்த ரெண்டு வண்டிக்காரர்கள் கைகொடுக்க, சக்கரத்தை மாட்டி ஒரு மரக்குச்சியைச் செருகி, நத்தை ஊர்கிற மாதிரி திருச்சுழி வண்டிப்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே போனால் கொல்லாசாரி கொழுந்தியாள் கல்யாணத்துக்குப் போய்விட்டார், வர ரெண்டு நாள் ஆகும் என்றார்கள்.

இருளப்பசாமி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். லிங்கம்மாளுக்கு அப்படி ஒன்றும் வருத்தமில்லை. புளியமரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டிக் களி கிண்டினாள். பேட்டையில் மிளகாய் வண்டியோடு வந்திருந்த குருவம்மாள் என்பவள் கம்பங்கூழ் கொடுத்துக் களி வாங்கிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, இவர்கள் வீட்டுக்குள் பேசுகிற கன்னடத்தைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். "உங்க பாஷையில உப்புக்கு என்ன பேரு?" என்று கேட்டாள். "உப்புதான்" என்றாள் லிங்கம்மாள். "அப்ப பொழச்சுக்கிறலாம்" என்றாள் குருவம்மாள். ரெண்டு நாளும் பிள்ளைகள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி விளையாடினார்கள். யாரும் யாரையும் கேள்வி கேட்கவில்லை. லிங்கம்மாள் அப்படித் தூங்கி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

இதற்குள் அருப்புக்கோட்டையில் நடந்தது பின்னால் தெரிய வந்தது. திருச்சுழி ஆற்றில் ஒரு சக்கரம் தனியாக ஓடிய செய்தி, ஒரு பருத்தி வண்டிக்காரர் வாய்வழியாக ஊருக்குப் போயிற்று. பஸ் ஸ்டாண்டில் அது 'வண்டி குடை சாய்ந்தது' ஆனது. சந்தையில் 'ஆற்றோடு போய்விட்டது' ஆனது. தெருவுக்கு வரும்போது குண்டாற்றில் வெள்ளமாம், உப்பு வண்டி முழுகிவிட்டதாம் என்று நஞ்சம்மா மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். பங்குனி மாசம் குண்டாற்றில் காக்கை குடிக்கத் தண்ணீர் இருக்காது என்பது திம்மையாவுக்குத் தெரியும். ஆனாலும் பயம் வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் எங்கே நிற்கிறது? நூல் கார்டைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, கட்டின வேட்டியோடு கமுதி பஸ்ஸில் ஏறினார்.

பெட்ரோல் பஞ்ச காலம். பஸ்ஸெல்லாம் கரியில் ஓடியது. பின்னால் ஒரு பெரிய இரும்பு உருளை, அதில் கரியைப் போட்டு விசிறி சுற்றினால், அந்தப் புகையில் வண்டி நகரும். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். திருச்சுழியில் பஸ் நின்றபோது திம்மையா ஓடிப் போய் வண்டிப்பேட்டையில் விசாரித்தார். "கொல்லாசாரி வந்து கடையாணி போட்டதும், காலையிலதான் கமுதிப் பாதையில போனாக" என்றார்கள். முழுகவில்லை என்று தெரிந்ததும் பயம் போய்க் கோபம் வந்தது. அதே பஸ்ஸில் ஏறி, பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவது என்று கிளம்பினார்.

திருச்சுழிக்கு நாலு மைல் தள்ளி அந்த பஸ் மூச்சை விட்டது. நடுவில் எங்கேயோ மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் பாதையை விட்டு இறங்கியிருந்த உப்பு வண்டி, பொழுது சாயும் நேரத்தில் பின்னாலிருந்து வந்தது. சாலையில் பத்துப் பதினைந்து பேர் ஒரு பஸ்ஸைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நின்று உருளைக்கு விசிறி சுற்றிக்கொண்டிருந்த மனுஷன் உச்சி முதல் பாதம் வரை கரி. கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரிந்தன.

"அம்மா, கரிபூதம்!" என்று அலறினான் வேங்கடபதி.

கரிபூதம் திரும்பிப் பார்த்து, "ஏ லிங்கம்மா!" என்றது.

லிங்கம்மாள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "இந்தாங்க, நீங்களா? இங்க என்ன செய்றீக?"

"உன்னைக் கூட்டிட்டுப் போக வந்தேன்" என்றார் திம்மையா. சத்தமாகச் சொல்ல நினைத்தார். கரிப்புகையில் தொண்டை கட்டி, பூனைக்குட்டி கத்தின மாதிரி வந்தது.

"எதுல கூட்டிட்டுப் போவீக? இதுலயா?"

பஸ் ஒரு பெரிய ஏப்பம் விட்டு ஒரேயடியாக அடங்கியது. கண்டக்டர் ஓடிவந்து இருளப்பசாமியிடம் கும்பிடு போட்டார். "அண்ணே, உங்க மாட்டைப் பூட்டி அடுத்த ஊரு வரைக்கும் இழுத்து விட்டுருங்க."

இருளப்பசாமி தலையை ஆட்டினார். "ஆகாது தம்பி. பஸ்ஸை இழுத்த மாடு அப்புறம் என்னை மதிக்காது."

திரும்பிப் போக வேறு பஸ் கிடையாது. லிங்கம்மாள் மாவு மூட்டையை நகர்த்தி இடம் செய்தாள். திம்மையா ஏறி உட்கார்ந்தார். சின்னவன் அவர் முழங்கையை நக்கிப் பார்த்து, கரி நன்றாக இருக்கவே, மடியிலேயே தங்கிவிட்டான். வண்டி கிழக்கே போய்க்கொண்டிருந்தது. "நூலு வந்திருக்கும்" என்று அவர் ரெண்டு தரம் சொன்னார். மூன்றாவது தரம் சொல்லும்போது தூங்கிப்போனார்.

கமுதியில் ஒருநாள் தங்கினார்கள். அப்புறம் பனங்காடு வந்தது. குழியில் உட்கார்ந்தே பழகின திம்மையாவின் காலுக்கு நடை பழக ரெண்டு நாள் பிடித்தது. பழகின பிறகு வண்டியில் ஏற மாட்டேன் என்றார். பனையேறுகிறவர் ஒருவர் ஓலைப்பட்டையில் ஊற்றிக் கொடுத்த பதநீரை அவர் ஒரே மூச்சில் மூன்று பட்டை குடித்துவிட்டு, அன்று சாயங்காலம் வரை பனங்காட்டுக்குள் போவதும் வருவதுமாக இருந்தார். அன்றைக்குப் பயணம் ஒரு மைல்தான்.

கிளம்பின பத்தாம் நாள் உப்பளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கண் கூசுகிற வெள்ளை. பாத்தி பாத்தியாக உப்பு, அங்கங்கே அம்பாரம். அதற்கு அப்பால் ஒரு மணல்மேடு. மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து 'ஹோ' என்று விடாமல் ஒரு சத்தம்.

"அண்ணே, அதானா?" என்றாள் லிங்கம்மாள்.

இருளப்பசாமி மாட்டை அவிழ்த்துக்கொண்டே, "ஆமா. இன்னைக்கி வேணாம். காத்து சரியில்ல. நாளைக்கிப் பாப்போம்" என்றார்.

"இம்புட்டுத் தூரம் வந்துட்டு நாளைக்கா? வாங்க, பாதை காட்டுங்க."

"நீங்க போங்க. மாட்டுக்கு ஆள் வேணும்ல."

உப்புக்கூடையோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெண், மூக்கம்மாள் என்று பேர், நின்று சிரித்தாள். "இந்த அண்ணனா பாதை காட்டப் போறாக? இருவது வருசமா வாராக. ஒரு நாளு அந்த மேட்டைத் தாண்டுனதில்ல!"

சௌடேஸ்வரி இடுப்பில் கைவைத்தாள். "அப்ப ஒம்பது கம்மாய்?"

இருளப்பசாமி தரையைப் பார்த்தார்.

"கலெக்டர் சாவி?"

மீசை தொங்கிப்போனது. அப்புறம் மெதுவாக லிங்கம்மாளிடம் சொன்னார். "எனக்கு ஜலகண்டம், தாயி. பொறந்தப்பவே சோசியர் எழுதி வச்சிட்டாரு. தண்ணியிலதான் சாவுன்னு."

திருச்சுழிச் சீமையில் பிறந்தவனுக்கு ஜலகண்டம்! குளிக்கவே சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்கிற பூமி. லிங்கம்மாளுக்குச் சிரிப்பு நெஞ்சு வரை வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் சிரிக்க மனசு வரவில்லை. ஐம்பது வருஷம் ஒரு மனுஷன் இந்தப் பயத்தைச் சுமந்துகொண்டு, அதுவும் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வந்து வந்து தொழில் செய்திருக்கிறான்.

"பிள்ளைகளுக்குப் பொய் சொன்னீகள்ல. அதுக்குத் தண்டனை, மேடு வரைக்கும் வாங்க. அங்க தண்ணி கிடையாது, மணல்தான்" என்றாள்.

வண்டிக்கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையைத் திம்மையா பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் இருளப்பசாமி வந்தார். மணலில் கால் புதையப் புதைய ஏறினார்கள். உச்சியில் போய் நின்றதும் எதிரே பூராவும் தண்ணீர்.

முதலில் பேசினவர் திம்மையாதான். "ஏ லிங்கம்மா, இதுக்கு ஒரு பக்கந்தான கரை இருக்கு? மறுகரை எங்க?"

"சேலையா இது, ரெண்டு பக்கமும் கரை வைக்க?" என்றாள் லிங்கம்மாள். கண்மாயை ஒன்பதால் பெருக்கினாலும் தொண்ணூறால் பெருக்கினாலும் இது வராது. இத்தனையும் இத்தனை நாளும் இங்கேதான் இருந்திருக்கிறது. அங்கே அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்த போதெல்லாம் இது இப்படித்தான் புரண்டுகொண்டிருந்திருக்கிறது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கோபம் மாதிரி ஒன்று வந்தது.

பிள்ளைகள் சரிவில் உருண்டு ஓடினார்கள். பின்னாலேயே அவளும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். வேங்கடபதி ஒரு கை அள்ளி வாயில் வைத்து, "உப்பு!" என்று துப்பினான். சின்னவன் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு பொருளை வேண்டாம் என்று தள்ளினான். சௌடேஸ்வரி அலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அப்புறம் திரும்பி மேட்டைப் பார்த்துக் கத்தினாள். "மாமா, மீனு விடாம புரளுது! தூங்கவே மாட்டேங்குது! வந்து பாருங்க!"

அவள் போய்க் கையைப் பிடித்து இழுத்ததில் இருளப்பசாமி மறுக்க வழியில்லாமல் ஒவ்வொரு அடியாக இறங்கினார். பாதம் நனைந்தது. கணுக்கால் நனைந்தது. கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மேட்டுச் சரிவில் கயிறு பிடித்திருந்த திம்மையா ஒரு நண்டைப் பார்த்துத் துள்ள, கயிறு சுண்ட, ஒரு பெரிய அலை வர, எல்லாம் சேர்ந்து இருளப்பசாமியை உட்கார வைத்துவிட்டது. முழங்கால் தண்ணீர்தான். உட்கார்ந்தவருக்கு அது தலைக்கு மேல் போயிற்று.

"போயிட்டேன்! ஏ தாயி, போயிட்டேன்!" என்று அவர் போட்ட கூச்சலில் உப்பளத்து ஜனமெல்லாம் மேட்டுக்கு ஓடிவந்தது.

அலை பின்வாங்கியது. அவர் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார், மீசையில் நீர் சொட்ட. கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். வேங்கடபதி அவர் மூக்கைத் தொட்டுப் பார்த்து, "இருக்காக" என்று அறிவித்தான்.

"கண்டம் கழிஞ்சிருச்சு, அண்ணே" என்றாள் லிங்கம்மாள்.

இருளப்பசாமி எழுந்திருக்கவில்லை. அடுத்த அலை வந்தது. அதுக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்புறம் பொழுது அடைகிற வரை அவரைத் தண்ணீரிலிருந்து வெளியே கொண்டுவர முடியவில்லை. மாடுகள் பசியில் கத்தி, மூக்கம்மாள்தான் வைக்கோல் போட்டாள்.

மூன்று நாள் அங்கேயே இருந்தார்கள். திரும்பும்போது வண்டி நிறைய உப்பு. மூட்டை மேல் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். ஐம்பது மைலையும் லிங்கம்மாளும் திம்மையாவும் நடந்தே கடந்தார்கள், பன்னிரண்டு நாள். ஊருக்குள் நுழைந்தபோது தெருவில் தறிச்சத்தம் கேட்டது. நூல் வந்து எட்டு நாள் ஆகியிருந்தது. தம்பி இவர்கள் பங்கை வாங்கி வைத்திருந்தார். திம்மையா குளித்து, நெற்றிக்கு இட்டு, குழிக்குள் இறங்கினார். சாயங்காலமே ஏறிவந்து, "உள்ளுக்குள்ள இருந்தா என்னமோ மூச்சு முட்டுது" என்றார். லிங்கம்மாள் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டே தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டாள்.

அதற்கு அப்புறம் தறி நிற்கிற போதெல்லாம் லிங்கம்மாள் கிளம்பிவிடுவாள். மறுவருஷம் பிள்ளைகளோடு திருப்பரங்குன்றம் வரை நடந்தாள். வழியில் சௌடேஸ்வரிக்கு வயிற்றுப்போக்கு வந்து, காரியாபட்டிப் பக்கம் முகம் தெரியாத ஒரு குடியானவர் வீட்டில் ஒன்பது நாள் படுக்கப்போட்டிருந்தாள். அந்த ஒன்பது நாளும் லிங்கம்மாள் சிரிக்கவே இல்லை. பிள்ளைக்குக் குணமாகித் திரும்பினபோது, இனி எங்கேயும் போவதில்லை என்று திம்மையாவிடம் சொன்னாள். அந்தச் சபதம் ஐந்து மாசம் நின்றது.

நாற்பத்தாறில் வண்டியில் அவள் பிள்ளைகள் மூன்று போக, தெருப்பிள்ளைகள் ஆறு. அதில் ரெண்டு நஞ்சம்மாவுடையது. "கொஞ்ச நாளு என் கண்ணுல படாம வச்சிரு, உனக்குப் புண்ணியம்" என்று அவளே மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். இருளப்பசாமி ஒன்பது பேரையும் எண்ணிப் பார்த்து, முதலில் கடையாணி ரெண்டையும் கழற்றமுடியாதபடி கம்பி வைத்துச் சுற்றினார்.

நாற்பத்தேழில் அவளுக்கு எட்டு மாசம். யார் சொல்லியும் கேட்காமல், "கமுதி வரைக்கும்தான், போயிட்டு வாரேன்" என்று ஏறினாள். கமுதி வண்டிப்பேட்டையில், சந்தை கூடிய காலை நேரத்தில், மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே நாலாவது பிள்ளை பிறந்தது. பிரசவம் பார்த்தவள் மிளகாய் வண்டிக் குருவம்மாள். போர்வையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்ற இருளப்பசாமி, குழந்தை அழுத சத்தம் கேட்டு மயங்கி விழுந்தார். திம்மையாவுக்கு ஆள் போய், அவர் பஸ்ஸை நம்பாமல் நடந்தே வந்து சேர்ந்தார்.

நல்ல கறுப்புப் பிள்ளை, பெண். கிழக்கே ஒரு கூப்பிடு தூரத்தில் ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"என்ன பேரு வைக்கலாம்?" என்று கேட்டார் திம்மையா.

"பேரு கிடக்கட்டும்" என்றாள் லிங்கம்மாள். "நல்ல நேரம் பாத்து வச்சுக்கிருவோம். அண்ணன் வண்டி நாளைக்கி உப்பளத்துக்குத்தான் போகுதாம். இவளும் ஒருதரம் பாத்துட்டு வரட்டுமே?"

திம்மையா அவளைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். குருவம்மாள் கொதிக்கக் கொதிக்கப் பிரசவக் காய மருந்தோடு வந்து, "ரெண்டு பேருக்கும் கால் உடையப் போகுது" என்று அதட்டின பிறகுதான், லிங்கம்மாள் சரி என்று திரும்பிப் படுத்தாள்.